முதலில் பச்சைத் தண்ணீர்

என் மகள் கவிதாவின் பாவாடையைத் தூக்கி முழங்காலைப் பார்க்காமல் எங்கள் தெருவில் யாரும் எங்களைக் கடந்து போவதில்லை. பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, ரேஷன் கடையில் நின்றாலும் சரி. "இந்தப் புள்ளதான? எங்க, காட்டு" என்று குனிந்து துணியை விலக்கி, உச்சுக்கொட்டி, "பொட்டப்புள்ளைக்கு இப்படி ஆயிப்போச்சே" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எனக்குக் குமட்டும். சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பார்த்தவர்களில் ஒருவர்கூட இது எப்படி நடந்தது, நம் வீட்டில் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லித் தீர்ப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ரெட்டிபாளையத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சிமெண்டு ஆலையில் ஃபிட்டர். அவருடைய அண்ணன் துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்தார். அண்ணன் மனைவி ராணி அக்காவும் அவர்கள் பையன் பாபுவும் எங்களோடு ஒரே வீட்டில்தான். பாபு அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். கவிதாவுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது.

புருஷனுடைய அண்ணனை எங்கள் பக்கத்தில் மச்சாண்டார் என்போம். மச்சாண்டாரோடு நான் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, முறை அப்படி. அவர் வந்தால் எழுந்து ஒதுங்க வேண்டும். சொல்ல வேண்டியதை வேறு யாரிடமாவது சொல்லி அனுப்ப வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் சுவரைப் பார்த்து, "சோறு எடுத்து வெச்சிருக்கு" என்று சொல்லலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சுவருக்குப் பரிமாறிய சோறு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த முறை லீவில் வந்தபோது மச்சாண்டார் ஒரு குளியல் தொட்டி கொண்டு வந்தார். காற்றடித்து உப்ப வைக்கிற ரப்பர்த் தொட்டி. நீல நிறம், உள்ளே மீன் படம். நாலு பிள்ளைகள் உட்காரலாம். அங்கே அவருடைய முதலாளி பங்களாவில் சூடு தண்ணித் தொட்டி இருக்குமாம். வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு மணிக்கணக்காக அதில் ஊறிக்கொண்டிருப்பார்களாம். "நம்ம புள்ளைங்களும் அப்படி உக்காரட்டுமே, நமக்கு என்ன கொறச்சல்" என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் ஜனம் முழுக்க வந்து தொட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனது. அதன் ரப்பர் நாற்றம் இப்போது நினைத்தாலும் எனக்கு மூக்கில் ஏறுகிறது.

குழந்தைகளைக் குளிப்பாட்ட எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அதுதான். கொல்லையில் அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அதை முதலில் பக்கெட்டில் ஊற்றுவோம். பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து விளாவுவோம். பக்கெட் உயரம், வாய் குறுகல். சொம்பால் மொண்டு ஊற்றுவதால் சூடு அதிகமென்றால் கையே சொல்லிவிடும். ஆனால் தொட்டி தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதன் ஓரம் கவிதாவின் முழங்காலுக்குச் சற்று மேலே. பிடித்தால் அமுங்கும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மச்சாண்டார் கொல்லையில் தொட்டியை விரித்துக் காற்றடித்துவிட்டு, அண்டாவிலிருந்து வெந்நீரை அதில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். ராணி அக்காவிடம் சொன்னேன், "அக்கா, புள்ளைங்க சுத்திச்சுத்தி வருதுங்க. தொட்டி தாழ கெடக்குது. சுடுதண்ணிய அப்பறம் ஊத்தலாம்னு சொல்லுங்க."

அக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள். "துபாயில பெரிய பெரிய கட்டடம் கட்டுற ஆளுக்கு நீ தண்ணி ஊத்தச் சொல்லிக் குடுக்குறியா? போடி." சொல்லவில்லை. நான் சொன்னது அடுக்களை வாசலைத் தாண்டவே இல்லை.

அவர் வெந்நீர் அத்தனையையும் ஊற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். பத்தடி தூரம்தான். கவிதா மீனைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு காலைத் தூக்கி ஓரத்தில் வைத்தாள். ஓரம் அமுங்கியது. சறுக்கி உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

நான் எப்படி ஓடினேன், எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. இடுப்புக்குக் கீழே கால்கள் இரண்டும் வெந்துவிட்டன. வலது முழங்காலின் பின்பக்கம்தான் மோசம். கால் மடங்கிய இடத்தில் சூடு தங்கிவிட்டது.

மச்சாண்டார் கிணற்றடியிலிருந்து நிறை பக்கெட்டோடு வந்து நின்றார். கையில் பச்சைத் தண்ணீர். நான் குழந்தையை அந்தப் பக்கெட்டுப் பக்கம் கொண்டு போனேன். எனக்குப் படிப்பெல்லாம் இல்லை, சுட்டால் குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்று உடம்புக்குத் தெரியாதா? ஓடி வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயையோ, வெந்த புண்ணுல பச்சத் தண்ணி பட்டா சன்னி வந்துரும்டி!"

"கொப்புளம் கட்டிக்கும், ஊத்தாத!"

அவர் அப்படியே பக்கெட்டைப் பிடித்தபடி நின்றார். என்னிடம் கேட்கவும் முடியாது, நான் அவரிடம் சொல்லவும் முடியாது. அந்தத் தண்ணீர் கடைசியில் வாழைக்குத்தான் போயிற்று.

பக்கத்து வீட்டு வாத்தியார் ஓடி வந்தார். படித்தவர் ஆயிற்றே என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் கையில் ஒரு புட்டி நீல மை. "சூட்ட மை இழுத்துரும்" என்று சொல்லி, புட்டி முழுக்க என் பிள்ளையின் காலில் கவிழ்த்தார். இன்னொருத்தி அதன்மேல் மாவு அப்பினாள். மண்ணெண்ணெய் எடுத்து வந்தவளை என் வீட்டுக்காரர் வந்து தள்ளிவிட்டார். அவர் ஷிப்டு முடித்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார். துவைத்த வேட்டியால் பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன லாரியை மறித்து ஏறினோம்.

அரியலூரில் ஒரு டாக்டரம்மா வீட்டோடு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வாயாடி. பயமில்லாமல் பேசுவார். மேஜைமேல் கவிதாவைக் கிடத்தியதும் கேட்டார், "மை ஊத்துனது யாரு?"

என் வீட்டுக்காரர் பிள்ளையைச் சுற்றியிருந்த வேட்டியை விலக்கினார்.

"கேக்குறேன்ல? காலு எவ்வளவு வெந்திருக்குன்னு நான் நெறத்த வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ஒங்க ஊர்ல நீலமா வேவுமா?"

பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். மேல்தோல் மட்டும் வெந்தால் சிவக்கும். அடுத்த அடுக்குவரை வெந்தால் கொப்புளம் கட்டும், உயிர்போகிற வலி இருக்கும். அதற்கும் கீழே போனால் வெளுத்துப்போகும், அங்கே வலியே தெரியாது. வலிக்கவில்லையே என்று சந்தோஷப்படக் கூடாது, அதுதான் ஆபத்து. மை, மாவு எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரால் கழுவி எடுத்தபோது கவிதா போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். வெந்நீர் ஒரு தடவைதான் சுட்டது. நம் ஆட்களின் கைவைத்தியம் இன்னொரு தடவை சுட்டது. அந்த நீல மை கலந்த மாவு உருண்டை உருண்டையாக வாளியில் விழுந்ததைப் பார்த்து நான் வாந்தி எடுத்தேன்.

பிறகு சொட்டுச் சொட்டாக நரம்பில் மருந்து ஏற்றினார்கள். புண் காலில்தானே, கையில் எதற்கு ஊசி என்று கேட்டேன். தோல் போன இடம் வழியாக உடம்புத் தண்ணீரெல்லாம் கசிந்து வெளியேறுமாம். பெரியவர்கள் தாங்குவார்கள், சின்ன உடம்பு காய்ந்துவிடுமாம். அதனால் டாக்டரம்மா வரும்போதெல்லாம் கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணுக்குப் போனாளா?" பிள்ளை படுக்கையை நனைக்க வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டது அங்கேதான். நனைத்தாள். அழுதேன்.

அங்கே ஒரே கூடத்தில் எல்லாக் கட்டிலும். பக்கத்துக் கட்டிலில் ஆப்பரேஷன் ஆன மாமியாருக்குத் துணையாக ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி. கழிவறைக்குப் போக மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஈ. எவ்வளவு விசிறினாலும் ஈ. அதைவிட மோசம் பார்க்க வருகிற கூட்டம். கையில் இரண்டு சாத்துக்குடி, வாய் நிறைய கதை. "எங்க மாமன் புள்ள இப்படித்தான் வெந்நியில வுழுந்து..." என்று ஆரம்பித்து, அந்தப் பிள்ளை செத்ததில் கொண்டுபோய் முடிப்பார்கள். முடித்துவிட்டு, கொண்டு வந்த சாத்துக்குடியை அவர்களே உரித்துத் தின்பார்கள். கொட்டையைக் கட்டிலுக்கு அடியில் துப்புவார்கள். சீ என்று வரும்.

பெரம்பலூரிலிருந்து என் தங்கை சாந்தி மட்டும் வேறு மாதிரி. பஸ்ஸில் வருவாள். தூக்குவாளியில் ரசமும் சோறும் வைப்பாள். ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். புண்ணிலிருந்து கசிந்து விறைத்த துணிகளை அள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் துவைத்துக் காயப் போடுவாள். எனக்குத் தலை வாரி விடுவாள். போகும்போது, "நாளைக்கு வரேங்க்கா" என்பாள். வருவாள்.

வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டு நேராக வருவார். கட்டு மாற்றும் நேரத்துக்கு எப்படியாவது வந்துவிடுவார். ஒட்டிக்கொண்ட துணியை நனைத்து நனைத்து எடுக்க வேண்டும். அப்போது கவிதா அவர் கையைக் கடிப்பாள். கொடுத்துக்கொண்டு நிற்பார். எத்தனையோ தடவை அந்தக் கையில் பல் தடம் பார்த்திருக்கிறேன். ஆலையில் கேட்டால் நாய் கடித்தது என்று சொல்லிக்கொண்டாராம்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. புண்ணில் சீழ் வைத்துவிட்டது. அந்த வாடையை வாயால் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஊசி மருந்தை மாற்றிப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கியதும் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உசுருக்கு இனிமே பயமில்ல. காலு இருக்கு பாத்தியா, அது இப்ப ஒன் கையிலதான் இருக்கு."

முழங்காலுக்குப் பின்னால் புண் ஆறும்போது தோல் சுருங்கும். மடக்கி வைத்தால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், வலி குறையும். அப்படியே விட்டால் மடக்கினபடியே ஒட்டிக்கொள்ளும். பிறகு நீட்டவே வராது, நொண்டித்தான் நடக்க வேண்டும். அதனால் பஞ்சு சுற்றிய பலகையைக் காலுக்கடியில் வைத்து நீட்டிக் கட்டினார்கள். "அவ அழுவா. நீ அவுக்காத. பாவம்னு சொல்லிக்கிட்டு யாராவது வருவாங்க. அவங்களையும் அவுக்க வுடாத."

கவிதா அழுதாள். "அம்மா, மடக்கு... மடக்கு..." என்று அதையே சொல்லிக்கொண்டு கிடப்பாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "கல்லு மனசுடி ஒனக்கு" என்று ராணி அக்கா முகத்துக்கு நேரே சொன்னாள். நான் பலகைக் கட்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஒரு நாள் மத்தியானம் சாந்தி வரத் தாமதமானதால் துணி அலசக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தால் கூடத்தில் அழுகைச் சத்தம் இல்லை. மச்சாண்டார் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கட்டு அவிழ்ந்து தரையில் கிடக்கிறது, பலகை சுவரோரம். கவிதா அவர் மடியில், காலை மடக்கிக்கொண்டு விரல் சூப்புகிறாள். அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டுகிறது. சுற்றி நின்றவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பெரியப்பா கை பட்டதும் அடங்கிருச்சு பாரு" என்றாள் ஒருத்தி.

எனக்கு அந்த அன்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இவர்களுக்கு வேண்டியது குழந்தையின் கால் இல்லை. அழுகைச் சத்தம் தங்கள் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

"எறக்கி வுடுங்க" என்றேன்.

அவர் திரும்பி, நான் யாரிடம் பேசுகிறேன் என்று பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஒங்களத்தான் சொல்றேன். புள்ளைய எறக்கிப் படுக்க வைங்க. கால நீட்டுங்க."

அவர் பக்கத்துக் கட்டில் ஜெயங்கொண்டத்துப் பெண்ணைப் பார்த்து, "வலியில துடிச்சுது, மனசு கேக்கல, அதான்னு சொல்லும்மா" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஏங்க, அவங்க இங்கதான நிக்கிறாங்க. காது கேக்குதுங்க" என்றாள்.

டாக்டரம்மா வந்து காலை மறுபடி நீட்டிக் கட்டியபோது மச்சாண்டாரையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். "அவுத்தவரு புடிங்க." பிடித்தார். ஆறிவந்த தோல் விண்டு ரத்தம் வந்தது. கட்டி முடித்த பிறகு டாக்டரம்மா அவரை விடவில்லை. தொட்டிக் கதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மொதல்ல பச்சத் தண்ணி. அதுக்கப்பறம் சுடுதண்ணி. எந்த வாளியானாலும், எந்தத் தொட்டியானாலும். அப்ப நடுவுல புள்ள வுழுந்தாலும் வேவாது. ஒங்க காய்ப்பேறுன கைய வெச்சுச் சூடு பாக்காதீங்க, முழங்கைய வெச்சுப் பாருங்க. நமக்கு வெதுவெதுன்னு இருக்கிறது புள்ளைக்குச் சூடு. அப்பறம் துரைங்க ஊறுறாங்கன்னு கைக்கொழந்தைய ஊறப் போடாதீங்க. சின்ன ஒடம்பு சூட்ட வெளிய தள்ளாது, மயங்கிரும். ஒரு சாண் தண்ணி இருந்தாப் போதும், மூழ்கிரும். திரும்பிப் பாக்குற நேரம்கூட ஆவாது."

மச்சாண்டார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பலகையோடும், தினம் காலை நீட்டி மடக்கும் பயிற்சியோடும், தேங்காயெண்ணெயோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். முழங்கால் முக்கால்வாசி நீண்டது. மீதி என் கையில்.

நோய்விட்டு வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாள் பார்த்துச் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். நான் பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனால், அங்கே அதே நீலத் தொட்டி. அதே மீன். ஆஸ்பத்திரியில் நாங்கள் கிடந்த நாளெல்லாம் பாபுவை அதில்தான் குளிப்பாட்டியிருக்கிறார்கள். ஃபாரின் சாமானைத் தூக்கிப்போட மனம் வருமா?

"பயந்த எடத்துலயே உக்கார வெச்சு ஊத்துனாத்தான் பயம் தெளியும்" என்றாள் ராணி அக்கா. வந்திருந்த பெண்களெல்லாம் ஆமாம் போட்டார்கள்.

மச்சாண்டார் அண்டாவிலிருந்து வெந்நீரை மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றினார். ஊற்றிவிட்டுப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடியைப் பார்க்க நடந்தார். டாக்டரம்மா சொன்னதற்கு அவ்வளவு தலையாட்டியவர். பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போகிறது. கவிதா என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் பாபு தொட்டியைப் பார்த்துத் தவழ்ந்துகொண்டிருந்தான். பெண்கள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

"நில்லுங்க!" என்று கத்தினேன். "அந்தத் தண்ணியக் கவுத்துக் கொட்டுங்க. மொதல்ல பச்சத் தண்ணி!"

மென்ற வாயெல்லாம் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். என்னை, பிறகு பாபுவை. பக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து பையனைத் தூக்கி ராணி அக்காவிடம் கொடுத்தார். தொட்டியின் ஓரத்தை மிதித்தார். வெந்நீர் கொல்லை முழுக்க ஆவி பறக்க ஓடியது. புல் கறுத்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் கொண்டு வந்தார். வெந்நீர் சேர்த்தார். சட்டையைச் சுருட்டி முழங்கையை விட்டுப் பார்த்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "போதுமா பாரும்மா" என்றார். நானும் முழங்கையை விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. கவிதாவை மடியில் வைத்துச் சொம்பால் மொண்டு ஊற்றினேன்.

ஊர் என்ன பேசியது தெரியுமா? தொட்டியைப் பற்றி இல்லை. புல் கருகியதைப் பற்றி இல்லை. "மச்சாண்டார நிக்க வெச்சுக் கத்துனவ" என்று என்னைப் பற்றிப் பேசியது. இன்னும் பேசுகிறது. பேசட்டும். ஒரு பிள்ளை வெந்ததைவிட ஒரு பொம்பளை வாய் திறந்தது பெரிதாகப் போய்விட்ட ஊர். நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

போன மாதம் செட்டிகுளத்தில் கோயில் மலையேறி, கவிதாவுக்குக் கால் சரியானால் என்று ராணி அக்கா வேண்டிக்கொண்ட மொட்டையைப் போட்டோம். அடிவாரத்தில் மொட்டை போட்ட பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஒரு பெரியவர் அகலமான அலுமினியத் தொட்டியில் வெந்நீர் ஊற்றப் போனார். யார் வீட்டு ஆளோ தெரியாது, வெள்ளை மீசையும் வேட்டியும். ஐந்து வயதுக் கவிதா என் கையை உதறிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு காலையும் ஊன்றி நேராக நின்றாள்.

"தாத்தா, மொதல்ல பச்சத் தண்ணி ஊத்துங்க."

அவர் மலைத்துப் போய், "யாரு வூட்டுப் புள்ள இது, இந்தப் பேச்சுப் பேசுது?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

ராணி அக்கா அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனாள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் நகரவில்லை. அவர் பச்சைத் தண்ணீர்க் குடத்தை எடுக்கும்வரை நின்றாள். சொல்ல வேண்டியதை அவள் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை.